கைநாட்டின் கதை

கையெழுத்துப் போடத் தெரியாதவனைக் 'கைநாட்டு' என்று சொல்லிச் சிரிப்பது நம்மவர்களுக்குப் பழக்கம். பத்திரப் பதிவு ஆபீஸில் மை தடவிய பெருவிரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தலைமயிரில் தேய்த்துக்கொண்டு நிற்கிற கிழவரைப் பார்த்து, நாலு எழுத்துப் படித்த பேரன் வெட்கப்படுவான். அந்தப் பேரனுடைய பேரன் எஞ்சினீயராகி அமெரிக்காவுக்குப் போனான். மனைவி மக்களோடு ப்ளோரிடா மாகாணத்திலுள்ள டிஸ்னி உல்லாச நகரத்தைப் பார்க்கப் போனான். அங்கே வாசலில் அவனை என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? சீட்டை ஒரு கையால் காட்டிவிட்டு, மறு கையின் விரலை ஒரு சிறு கண்ணாடியின்மேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள். மை ஒன்றுதான் இல்லை. மற்றபடி அதுவும் கைநாட்டுத்தான்.

வேடிக்கை பார்க்கப் போகிறவனிடம் ரேகை எதற்கு என்ற கேள்வி எனக்கு உண்டாயிற்று. புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். அந்தக் கதை என்னை அமெரிக்காவில் இருக்கவிடவில்லை. நேரே வங்காளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டது. கடைசியில்தான் மறுபடி அமெரிக்க வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பிரயாணத்தில் கண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1858-ம் வருஷம், ஜூலை மாதம். சிப்பாய்க் கலகத்தின் புகை இன்னும் முழுக்க அடங்கவில்லை. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற துரை உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 25. வானத்தில் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே பழைய ஹெர்ஷல், அவருடைய கொள்ளுப்பேரன் அல்ல, சொந்தப் பேரனேதான். பாட்டனார் ஆகாயத்தைப் பார்த்தார். பேரன் மனிதனுடைய உள்ளங்கையைப் பார்த்தார்.

ரோடு போடுவதற்கு 2,000 மணங்கு சரளை வேண்டியிருந்தது. ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க் கண்டிராக்டர் ஒப்புக்கொண்டார். கோனாய் கைநாட்டுப் பேர்வழி அல்ல. ஒப்பந்தத்தைத் தம் கையாலேயே வங்காளியில் எழுதிக்கொண்டு வந்தவர். கையெழுத்துப் போடப் போகிற சமயத்தில் துரைக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவி, காகிதத்தின் பின்பக்கத்தில் முழுக் கையையும் பதிக்கச் செய்தார். பிற்பாடு "இது என் கையெழுத்தே அல்ல" என்று அவர் மறுக்காமல் இருக்க அவரைக் கொஞ்சம் மிரட்டி வைப்பதே தம்முடைய நோக்கம் என்று ஹெர்ஷலே பின்னாளில், 1916-ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கோனாய் எந்தத் தப்பும் செய்யவில்லை. சரளை கொடுக்க வந்த மனிதர். ஆனால் 'இவன் நாளைக்குப் புரட்டுவான்' என்ற சந்தேகம் துரையின் மனசில் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு உருவம் கொடுத்ததுதான் முதல் கை ரேகை.

ஹெர்ஷல் அதோடு விடவில்லை. சிநேகிதர்கள், சிப்பந்திகள், தம்முடைய கை, எல்லோருடைய ரேகைகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பல வருஷம் கழித்து அதே மனிதர்களிடம் மறுபடி எடுத்து ஒப்பிட்டார். முகம் மாறியிருந்தது; தலை நரைத்திருந்தது; ரேகை மாறவில்லை. 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குகிறவர்கள், பத்திரம் பதிகிறவர்கள், சிறைக் கைதிகள் ஆகிய மூன்று கூட்டத்தாரிடமும் ரேகை வாங்க ஏற்பாடு செய்தார். பென்ஷன்காரர் செத்த பிறகும் அவர் பெயரைச் சொல்லி வேறொருவர் பணம் வாங்கிக்கொண்டிருந்தது அந்த நாளின் வழக்கம். மறுபிறவி எடுத்தாலும் ரேகை கூட வராதல்லவா?

1880-ல் ஜப்பானிலிருந்த ஹென்றி பால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க விரல் ரேகை உதவும் என்று ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு எழுதினார். 1892-ல் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி பெரிய புத்தகமே எழுதிவிட்டார். ஆனால் ஆயிரக்கணக்கான ரேகைகளை மூட்டையாகக் கட்டி வைத்தால் அதிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அந்தச் சிக்கலை அவிழ்த்தது மறுபடியும் வங்காளம்தான். அங்கே போலீஸ் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றியின் கீழ் அஸீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு ஸப்-இன்ஸ்பெக்டர்கள் வேலை பார்த்தார்கள். பத்து விரல்களிலுமுள்ள சுழிகளையும் வளைவுகளையும் கணக்காக்கி, 1,024 அறைகளில் பிரித்து வைக்கும் முறை அங்கே பிறந்தது. 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைக் காரியாலயம் தொடங்கியது. 1901-ல் லண்டன் போலீஸும் அந்த முறையை எடுத்துக்கொண்டது. முறைக்குத் துரையின் பெயரே நிலைத்தது. ஹக்குக்குக் கான் பகதூரும், போஸுக்கு ராவ் பகதூரைப் போன்ற ராய் பகதூரும் கிடைத்தன. கணக்குப் போட்டவருக்குப் பட்டம், மேற்பார்வை பார்த்தவருக்குச் சரித்திரம்! நம் நாட்டில் இது புதிதல்ல.

இனிக் கப்பல் ஏற வேண்டும். ஹென்றி துரையை 1900-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர் போன வழியே ரேகையும் போயிற்று. 1906-ல் டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு சட்டத்தின் நகலை வெளியிட்டது. அங்கே குடியிருக்கிற இந்தியர்கள், எட்டு வயதுக் குழந்தை உட்பட எல்லோரும் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ்காரன் கேட்ட இடத்தில் அதைக் காட்ட வேண்டும். காந்திஜி அதைப் படித்துத் திடுக்கிட்டார். ஹென்றி எழுதிய ரேகைப் புத்தகத்தையே வரவழைத்துப் பார்த்தார். சட்டப்படி ரேகை வாங்குவது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அதில் கண்டார். அப்படியானால் வியாபாரியும் வண்டிக்காரனும் செய்த குற்றம் என்ன? 1906 செப்டம்பர் 11-ம் தேதி ஜோஹானஸ்பர்க் நாடகக் கொட்டகை ஒன்றில் இந்தியர்கள் கூடி, இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். சத்தியாக்கிரகம் என்று பின்னால் பெயர் பெற்ற போராட்டத்துக்கு ஆரம்பம், ஒரு விரல் ரேகை!

அதைவிட ஆச்சரியம் அடுத்தது. 1908 ஜனவரியில் காந்திஜியைச் சிறையில் போட்டார்கள். மாத முடிவில் ஸ்மட்ஸோடு சமாதானம் ஏற்பட்டது. இந்தியர்கள் தாங்களாகவே முன்வந்து பதிந்துகொண்டால் சட்டத்தை எடுத்துவிடுவார்கள் என்று காந்திஜி புரிந்துகொண்டார். ரேகை கொடுக்கும் முதல் ஆளாகத் தாமே புறப்பட்டார். பிப்ரவரி 10-ம் தேதி போகிற வழியில், மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய கூட்டாளிகளும் அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினார்கள். நேற்றுவரை 'ரேகை கொடுக்காதே' என்றவர் இன்றைக்குக் கொடுக்கப் போகிறாரே என்ற ஆத்திரம் அவர்களுக்கு. கூட வந்தவர்களில் ஒருவர் மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு. அங்கிருந்த தமிழர்களுக்குத் தலைவராக நின்றவர். அடியில் ஒரு பங்கு அவருக்கும் விழுந்தது. காயத்தோடு படுத்திருந்த காந்திஜி, பதிவு அதிகாரியைப் படுக்கைக்கே வரவழைத்து ரேகையைக் கொடுத்துவிட்டுத்தான் மறு காரியம் பார்த்தார்.

பட்டாணியருக்குப் புரியாத சூட்சுமம் இதில் இருந்தது. காந்திஜிக்கு விரலும் மையும் விரோதிகள் அல்ல. பயமுறுத்திப் பிடுங்குவது வேறு, மனசாரக் கொடுப்பது வேறு. அதிகாரத்துக்குப் பயந்து போடுகிற கும்பிடும், அன்போடு போடுகிற கும்பிடும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டையும் ஒன்றென்று யார் சொல்வார்கள்? சட்டம் எடுபடாது என்று தெரிந்ததும், அதே வருஷம் ஆகஸ்டு 16-ம் தேதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளை மசூதி மைதானத்தில் ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். மனசாரக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். சீட்டு விஷயத்தில் டிஸ்னி கம்பெனி ஆரம்ப நாளிலேயே அடிபட்டது. 1955 ஜூலை 17-ம் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, அழைப்பு அனுப்பியதைப் போல இரண்டு பங்கு ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கள்ளச் சீட்டு அடித்து விற்றிருந்தார்கள். ஒரு பேர்வழி வேலியில் ஏணியைச் சாத்தித் தலைக்கு ஐந்து டாலர் வசூலித்தான் என்றும் சொல்வார்கள். எந்த ஊர்த் திருவிழாவிலும் இப்படி ஒரு ஆள் உண்டு.

ப்ளோரிடாவில் 1971-ல் திறந்த பெரிய நகரத்துக்கு வந்த தலைவலி வேறு தினுசு. அங்கே பல நாள் சீட்டு வாங்கினால் நாள் ஒன்றுக்கு ஆகும் விலை குறையும். 2005-ல் அமைத்த விலைப்படி, ஒரு வாரச் சீட்டு வாங்கினவருக்கு ஒரு நாளுக்கு ஆன செலவு, ஒற்றை நாள் சீட்டின் விலையில் ஏறக்குறைய பாதிதான். ஜனங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஏழு நாள் சீட்டு வாங்கி, நாலு நாள் பார்த்துவிட்டு, மிச்சத்தை வாசலில் விற்றுவிட்டுப் போனார்கள். 1990-களிலேயே வருஷச் சீட்டுக்காரர்களிடம் இரண்டு விரல்களின் நீள அகலத்தைப் பார்க்கும் கருவி வந்திருந்தது. புதிய விலைக்குப் பிறகு ரேகையையே பார்க்கும் கண்ணாடி வந்தது. முதல் நாள் விரல் வைத்தவர்தான் கடைசி நாளும் வைக்கிறாரா என்று அது பார்த்துக்கொண்டது. படத்தை வைத்துக்கொள்வதில்லை, அதிலிருந்து ஒரு எண்ணை மட்டும் கணக்கிட்டு வைக்கிறோம், விருப்பமில்லாதவர் போட்டோவுள்ள அடையாளச் சீட்டைக் காட்டலாம் என்று கம்பெனி சொல்லிற்று. 2016-ல் மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளும் வைக்கும்படி ஆயிற்று. தாய் தகப்பனார் தங்கள் விரலைக் குழந்தைக்குப் பதிலாக வைக்கலாம் என்றும் இடம் விட்டார்கள். 2020-ல் கொள்ளை நோய் வந்து, எல்லோரும் ஒரே கண்ணாடியைத் தொடுவதற்குப் பயப்பட்டபோது அதை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே முகத்தைப் படம் பிடித்து அடையாளம் காணும் கருவியைச் சில நாள் வைத்துப் பார்த்தார்கள்.

டிரான்ஸ்வால் சர்க்காரையும் ஒரு வேடிக்கைக் கம்பெனியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. அங்கே மறுத்தவனுக்குச் சிறை; இங்கே மறுத்தவனுக்கு மிஞ்சிப் போனால் ராட்டினம் இல்லை. கம்பெனிக்காரனுக்கும் தன் சீட்டைக் காப்பாற்றிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் 'கேட்டு வாங்கினானா?' என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

அந்தக் கேள்வியைக் கேட்டவள் இல்லினாய் மாகாணத்தில் ஒரு தாய். 2014-ல் பள்ளிக்கூடத்தாரோடு உல்லாசப் பயணம் போகிற 14 வயது மகனுக்காக, ஸிக்ஸ் ப்ளாக்ஸ் என்ற கம்பெனியின் பூங்காவுக்குப் பருவச் சீட்டுக்குப் பணம் கட்டினாள். பையன் அங்கே போனதும் கட்டைவிரலைப் பதித்துக்கொண்டு சீட்டைக் கொடுத்தார்கள். வீடு திரும்பினவனிடம், "காகிதம் ஏதாவது கொடுத்தார்களா?" என்று தாய் கேட்டாள். "இப்போதெல்லாம் எல்லாம் விரல் ரேகையில்தான்" என்கிற தோரணையில் பையன் பதில் சொன்னான். எதற்காக எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று ஒருவரும் அவளுக்கு எழுதிக் காட்டவில்லை. அவளிடம் சம்மதமும் வாங்கவில்லை.

அந்த மாகாணத்தில் 2008-லேயே இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. எழுத்து மூலம் தெரிவித்து, எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பிறகே ஒருவருடைய ரேகையை எடுக்கலாம். சட்டம் சொன்ன காரணம் எளிமையானது: திருட்டுப் போன அடையாள எண்ணை மாற்றிக்கொள்ளலாம், திருட்டுப் போன விரலை மாற்றிக்கொள்ள முடியாது. தாய் வழக்குத் தொடுத்தாள். "பையனுக்கு என்ன நஷ்டம் வந்துவிட்டது? விரல் தேய்ந்தா போயிற்று?" என்பதுதான் எதிர்த் தரப்பின் வாதம். கீழே அப்பீல் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 25-ம் தேதி ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டது. கேட்காமல் எடுத்ததே நஷ்டம். வேறு நஷ்டம் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு ஏகலைவன் ஞாபகம் வந்தான். துரோணர் செய்தது கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அவர் ஏகலைவனின் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து, "உன் கட்டைவிரலைக் கொடு" என்று கேட்டார். கேட்டதால்தான் அவர் செய்தது இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்தது. கேட்காமலே எடுத்துக்கொண்டால், எடுத்தவன் பேரில் பழியும் இல்லை. கொடுத்தவனுக்குத் தான் கொடுத்ததே தெரியாது.

கோனாயிடம் வாங்கும்போது துரை மிரட்டினார். டிரான்ஸ்வாலில் சட்டத்தைக் காட்டி மிரட்டினார்கள். மிரட்டுகிறவனை எதிர்க்க மனிதனுக்குத் தெரியும். ஒரு தம்பி நாயுடு அடி வாங்கிக்கொண்டும் நிற்பார். ராட்டினமும் மிட்டாயும் உள்ளே காத்திருக்க, பின்னால் நூறு பேர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அவசரப்பட, குழந்தை கையைப் பிடித்து இழுக்கும்போது, "எதற்காக?" என்று நின்று கேட்பதுதான் கடினம். அந்தத் தாய் அதைக் கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள், இருந்தாலும் கேட்டாள். சிறு பிள்ளையின் கட்டைவிரல்தானே என்று அவள் சும்மா இருந்திருந்தால், அந்தச் சட்டம் புத்தகத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.