களைப்புக்குத் தமிழில் என்ன சொல்? கிள்ளான் பள்ளத்தாக்கில் சவாசனத்தின் தடம்

யோக வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் யாருக்குச் சொந்தம்? பாயில் மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை உடம்பைப் பகுதி பகுதியாகத் தளர விடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இன்று பலர் வகுப்புக்கு வருகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், துக்கத்தில் தூக்கம் தொலைத்தவர்கள், தன் உடம்பே தனக்கு அந்நியமாகிவிட்டது என்பவர்கள். மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அதற்குச் சவாசனம் என்றே பெயர். பெயர் பழையது. செயலும் பழையதா என்பதில்தான் வழக்கு.

இல்லை என்கிறார் யோக வரலாற்று ஆய்வாளர் மார்க் சிங்கிள்டன். 2010-இல் வந்த அவருடைய ‘யோகா பாடி’ நூலை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம் பொருளுக்கு முக்கியமானது, அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2005-இல் அவர் எழுதிய கட்டுரை. அவர் காட்டும் தடம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1891-இல் ஆனி பேசன் கால் ‘பவர் த்ரூ ரெபோஸ்’ என்ற நூலை எழுதினார். நரம்பு இறுகிப்போன நகரவாசிகளைத் தரையில் படுக்க வைத்து உடம்பின் பாரத்தை இறக்கச் சொன்னார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பாஸ்டன் உடற்பயிற்சிப் பள்ளி மாணவியரிடம் தளர்ச்சியின் அருமையைப் போதித்தார். அந்த உரை 1899-இல் நூலேறியது. 1929-இல் மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை வெளியிட்டார். இந்த மரபுதான் யோக வகுப்புக்குள் நுழைந்து, பழைய ஆசனம் ஒன்றின் பெயரைச் சூடிக்கொண்டது என்பது சிங்கிள்டனின் முடிவு. பழைய ஹடயோகிகள் தேடியது வேறு, இன்றைய வகுப்பு தேடும் நரம்பு ஆறுதல் வேறு என்று அவர் பிரிக்கிறார்.

வாதம் நேர்த்தியானது. மேலை நாட்டு வகுப்புகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் களைப்பு என்பதே தொழில்நகரத்தில் பிறந்த புதுச் சரக்கு போலவும், உழைத்து ஓய்ந்த உடம்பை அதற்கு முன் யாரும் கவனித்ததில்லை போலவும் ஒரு தொனி அதில் ஓடுகிறது. அங்கேதான் இக்கட்டுரை அவரோடு முரண்படுகிறது.

இரண்டு பழைய நூல்களின் சொல்வேறுபாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தத்தாத்ரேய யோகசாத்திரத்தை ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். இது தோராயக் கணக்குதான். பிணம்போல் மல்லாந்து கிடப்பது அந்நூலில் ஆசனமாக வரவில்லை. மனத்தை ஒடுக்கும் லயயோக உத்திகளுள் ஒன்றாக வருகிறது. அதைச் செய்பவன் தனியிடத்தில் ‘சிதிலனாக’ இருக்க வேண்டும் என்கிறது நூல். வடமொழியில் சிதிலம் என்றால் இறுக்கம் விட்டது, தளர்ந்தது. தமிழில் நாம் அதை இடிந்த கோயிலுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். 15-ஆம் நூற்றாண்டினது எனப்படும் சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை அதே கிடையை ஆசனப் பட்டியலுக்குள் கொண்டுவருகிறது. அது கூறும் பயன்கள் இரண்டு: உடம்பின் சிராந்தி நீங்கும், மனத்துக்கு விசிராந்தி கிடைக்கும்.

சிராந்தியும் விசிராந்தியும் ஒரே வேரில் முளைத்தவை. நம்முடைய சிரமமும் அந்த வேர்தான். வெகுதூரம் நடந்து வந்த விருந்தாளியிடம் “கொஞ்சம் சிரமபரிகாரம் பண்ணிக்கொள்ளுங்கள்” என்று திண்ணையைக் காட்டிய தலைமுறைக்கு, அந்தச் செய்யுளின் பொருளை விளக்க பாஸ்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. தளர்ச்சி என்ற சொல் 13-ஆம் நூற்றாண்டிலும், களைப்பு என்ற காரணம் 15-ஆம் நூற்றாண்டிலும் ஏட்டில் இருக்கும்போது, பெயர் மட்டுமே பழையது என்று எப்படிச் சொல்வது?

சரி, ஏட்டிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு எப்படி வந்தது? இங்கே சான்று மெலிகிறது. மெலிந்த இடத்தில்தான் வாதம் அழுத்தமாக வேண்டும்.

1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, பின்னாளில் சுவாமி சிவானந்தர். (படுக்கையை யோகமாக்கிய மனிதர் பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தார் என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தஞ்சையில் மருத்துவம் படித்து, திருச்சியில் ‘அம்புரோசியா’ என்ற மருத்துவ இதழ் நடத்திவிட்டு 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கோலாலம்பூருக்குத் தெற்கே சிரம்பானை அடுத்த ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழு ஆண்டு, பிறகு ஜொகூரில் வேலை. 1923-இல் எல்லாவற்றையும் விட்டு இந்தியா திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்.

அவர் வாழ்வை எழுதுவோர் பலர் இந்தப் பத்தாண்டை விரைந்து தாண்டுகிறார்கள். ஆனால் தன்வரலாற்றில் அவரே தம் மலாயாக் கால வெளியீடுகளைப் பட்டியலிடுகிறார்: வீட்டு வைத்தியம், பழங்களும் உடல்நலமும், மகப்பேற்றுக் கையேடு, பொதுச் சுகாதாரம் பற்றிப் பதினான்கு உரைகள். இவற்றுக்கு நடுவே ஒரு சிறு நூல்: ‘நோய்களும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. ஆண்டை 1913-க்கும் 1923-க்கும் இடையில் என்பதற்கு மேல் நெருக்க முடியவில்லை. அப்படிப்பட்ட நூல் ஒருவருக்கு ஏன் தேவைப்படும்? வரிசையில் நிற்கும் பால்மரத் தொழிலாளி சொல்லும் வலிக்கும், பதிவேட்டில் எழுதப்படும் வலிக்கும் நடுவே பாலம் போட. உடம்பைப் பற்றிய தமிழ்ப் பேச்சைப் பத்தாண்டு கேட்டுக் குறித்த மருத்துவர் ஒருவர்தான் பிறகு சவாசனத்தை எழுதினார்.

அவர் ‘யோக ஆசனங்கள்’ நூலில் சொல்லும் முறையைப் பாருங்கள். ஆசனங்களின் முடிவில் செய்யவேண்டியது அது. கால் விரலில் தொடங்கி, கெண்டைச் சதை, முதுகு, மார்பு, கை, கழுத்து, முகம் எனப் போகிறார். ஜேக்கப்சன் தசையை முதலில் இறுக்கி, அந்த இறுக்கத்தை உணர வைத்து, பின்பு விடச் சொல்கிறார். சிவானந்தர் விட மட்டுமே சொல்கிறார். அதோடு நிற்கவில்லை: வயிற்றுறுப்புகளும் இதயமும் மூளையும் தளரட்டும் என்கிறார். ஜேக்கப்சனின் பயிற்சியோ இச்சைக்கு அடங்கும் தசைகளிலிருந்தே தொடங்குகிறது. நோயாளியின் படுக்கையருகே நின்ற ஒருவரின் பட்டியல் இது.

எதிர்வாதம் உண்டு. படுத்துப் பாரத்தை இறக்கும் ஆனி காலின் முறை சிவானந்தரின் முறைக்கு மிக நெருக்கம். ஆங்கில மருத்துவ நூல்களில் ஊறிய அவர் அத்தகைய எழுத்தையும் படித்திருக்கலாம். அதை மறுக்கச் சான்றில்லை. ஆனால் படித்திருந்தாலும், யாருடைய உடம்பை நினைத்துப் படித்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சவாசனம் பரவிய வழியும் கவனிக்கத்தக்கது. 1904-இல் யாழ்ப்பாணத் தமிழர் முயற்சியில் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் மூத்த நிறுவனம். ஆனால் விவேகானந்தரே 1896-இல் வந்த ‘ராஜ யோகம்’ நூலில் ஹடயோகத்தை ஒதுக்கி வைத்தவர். எழுத்தர்களும் ரயில்வே ஊழியர்களும் கூடிய அந்தச் சூழலில் சொற்பொழிவுக்கும் கல்விக்கும் கிடைத்த இடம் உடம்புக்குக் கிடைத்திருக்காது என்று ஊகிக்கலாம். உடம்பு பின்னர்தான் வந்தது. 1942, 1943-இல் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்துத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் கொண்டுபோனார்கள்; திரும்பியவர்கள் நொறுங்கி வந்தார்கள், பிள்ளைகள் அநாதையானார்கள். அந்தப் பின்னணியில் சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜத்தின் பிறப்பை 1949 என்றும் 1950 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். பத்துமலைப் பக்கம் சிவானந்தரின் தெய்வீக வாழ்க்கைச் சங்கமும் ஆசிரமம் கண்டது. முன்பு மருத்துவராக இருந்த மண்ணுக்குக் குருவாகத் திரும்பினார், நேரில் வராமலே.

உடம்பு வேறு, வழிபாடு வேறு என்று பிரிக்கும் வழக்கு பின்னர் அரசு வரை போனது. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்கள் யோகா செய்யலாகாது என்றது. மந்திரம் இல்லாத வெறும் உடற்பயிற்சி என்றால் தடையில்லை என்று பிரதமர் அப்துல்லா அகமட் படாவி விளக்கினார். சிங்கிள்டனின் கட்டுரையை யாராவது அவர் மேசையில் வைத்திருந்தால் நல்ல துணையாக இருந்திருக்கும். உடம்பையும் மற்றதையும் கத்தரித்துப் பிரிக்கலாம் என்பதில் இருவரும் ஒரே கட்சி.

பிரிக்க முடியுமா என்பதை, நோய்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்த சிவானந்தரின் அந்தச் சிறு நூல் ஓரளவு சொல்லக்கூடும். களைப்பு, அசதி, அலுப்பு, சோர்வு, ஓய்ச்சல்: இந்த ஒன்றுக்கே தமிழில் ஐந்து சொல்லாவது உண்டு. அலுப்பு மனத்தையும் தொடும், அசதி உடம்போடு நிற்கும், சோர்வு இரண்டுக்கும் நடுவே. மருத்துவர் குப்புசாமி அவற்றுள் எதை நோய் என்று பதிந்தார், எதை நோயே இல்லை என்று விட்டார் என்பதே அடுத்துத் தேட வேண்டியது.