வெள்ளகெவியும் கூலி காட்டும்

வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் கொடைக்கானல் வந்தால் இப்போதெல்லாம் ஏரியைக் கேட்பதில்லை, வெள்ளகெவியைக் கேட்கிறார்கள். வட்டக்கானலில் கிளம்பி, டால்பின் நோஸ் தாண்டி, வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் நடை. நமக்கு இது ட்ரெக்கிங். ஆனால் பெரியகுளம் பக்கத்துச் சரிவில் ஒரு காலத்தில் யாரும் பொழுதுபோக்குக்கு நடக்கவில்லை.

கொடைக்கானல் வரலாறு என்றால் எல்லாரும் 1845-இல் ஆரம்பிப்பார்கள். மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து மேலே வந்து, சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டிய வருடம் அது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1821-லேயே லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேயர் வெள்ளகெவி வழியாகத்தான் மேலே ஏறினார். இந்த மலையில் சுமார் 4,000 பேர் ஒழுங்கான ஊர்கள் அமைத்து வாழ்கிறார்கள் என்று எழுதியும் வைத்தார். யாருமில்லாத மலையை மிஷனரிகள் கண்டுபிடிக்கவில்லை.

1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்துவிட்டது. இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டுவண்டி. பெரியகுளம் தாண்டி, மலையடியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி போகாது. ஒன்று நடக்க வேண்டும், இல்லை குதிரை, அதுவும் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஏற்றம். பெட்டி, படுக்கை, குழந்தைகள் எல்லாமே மனித முதுகில்தான் ஏறின. அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே ‘கூலி காட்’. ஏறிப் போனவர்களின் பெயர்கள் பங்களாக்களிலும் கல்லறைகளிலும் இருக்கின்றன. தூக்கியவர்களுக்குப் பாதையின் பெயரில் அந்த ஒரு சொல்தான் மிச்சம், அதுவும் கூலி.

1914-இல் மேஜர் லா பெயரிலான மலைச்சாலை திறந்ததும் மோட்டார் வந்தது. கூலி காட் மெல்லப் புதர் மண்டியது.

வெள்ளகெவிக்கு மட்டும் வண்டி வரவில்லை. அரிசியும் சிலிண்டரும் குதிரை முதுகில் போயின. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்களுக்கு நடுவேதான் வீடுகள், அதனால். நீங்கள் போனாலும் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். சாலை கேட்டு எத்தனையோ வருடம் மனு கொடுத்திருக்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர்களையும் பிரசவத்துக்குப் போகும் பெண்களையும் டோலி கட்டி இந்தச் சரிவில் தூக்கிவந்த செய்திகளை இந்த நூற்றாண்டிலும் பேப்பரில் படித்திருக்கிறோம்.