தாம்பரத்தில் கோலத்துக்கு எழுதிய இலக்கணம்

வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்துவிட வேண்டும். 7 புள்ளியில் தொடங்கி 4 வரை இடைப்புள்ளி என்றால் மொத்தம் 37. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இழையாக இறங்கும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடக் கூடாது. சுற்றி வளைந்து, தன்னையே குறுக்கே கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். எத்தனை இழை ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் இதே விதிதான்.

இந்த விதியைக் கணிதமாக எழுத முடியுமா என்று பார்த்தவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவருடைய மனைவியும் கணினி அறிவியல் அறிஞருமான ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலத்துக்கான இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சில விதிகளிலிருந்து கணக்கற்ற வாக்கியங்களைப் பிறப்பிக்கலாம் என்று 1950களில் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி காட்டியிருந்தார். ஆனால் வாக்கியம் ஒரே திசையில் ஓடுவது, கோலமோ நாலாபுறமும் விரிவது. அந்த விரிவுக்கு ஏற்றபடி இலக்கணத்தையே கட்டத்துக்குக் கட்டம் பரவும்படி மாற்றியதுதான் இவர்கள் சாதனை. சிறிய கோலம் எந்த விதியால் வளர்ந்து பெரிய கோலமாகிறதோ, அந்த விதியே இயந்திரத்துக்கும் போதும்.

அதே 1970களில் கலிபோர்னியாவில், பிரிட்டிஷ் ஓவியர் ஹெரால்டு கோஹன் ‘ஆரன்’ என்ற நிரலுக்குக் கோடு போடக் கற்றுத்தந்துகொண்டிருந்தார். அவர் அதற்குப் படங்களைக் காட்டிப் பழக்கவில்லை. உள் எது, வெளி எது, கோடு எங்கே மூடுகிறது என்று தன் கை அறிந்ததை விதிகளாக எழுதினார். 2016இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. ஆரனின் கோடுகளில் உயிர் தெரிகிறது என்றால், அது அந்த ஓவியரின் கையிலிருந்து வந்தது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு வழியில் வந்தது. சிக்குக் கோலம் ஒன்று கேட்டால் செம்மண் தரை, வெள்ளை மாவு, காலை வெயில் எல்லாம் நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் ஓர் இழையை விரலால் தொடர்ந்து பாருங்கள். பல படங்களில் அது புள்ளியின்மேல் ஏறிவிடும், இல்லையென்றால் இரண்டு வளைவுக்கு நடுவே காணாமல் போகும். எண்ணற்ற படங்களிலிருந்து கோலத்தின் தோற்றத்தை அது பழகியிருக்கிறது. இழை வீடு திரும்ப வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. 1974இன் இலக்கணம் இந்தப் பிழையைச் செய்யாது. கோலத்தில் ‘அழகு’ என்ற சொல்லுக்கு முன்பே ‘சரி’ என்ற சொல் வந்துவிடுகிறது.

சரியாக இருந்துவிட்டால் மட்டும் கலையாகிவிடுமா? வாசலில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு புள்ளி இடம் பிசகிப்போகிறது. அவள் அழிப்பதில்லை. அந்த மூலையில் ஒரு வளைவு கூட்டி, இழையைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறாள். நேற்றுவரை இல்லாத ஒரு கோலம் அங்கே பிறக்கிறது. அது மனசுக்குப் பிடித்துவிட்டால் நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் போவாள்.