மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தினருக்குமான ஆதரவுச் சேவைகள் – தமிழ்நாடு

உடல், புலன், மனம், அறிவு வளர்ச்சி இவற்றில் குறைபாட்டோடு வாழ்பவருக்கும், அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கும் கிடைக்கிற சிகிச்சை, பயிற்சி, கல்வி, கருவிகள், பணவுதவி, சட்டப் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்து ஆதரவுச் சேவைகள் என்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இந்தியா முழுவதும் 2.68 கோடி. இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீடுதான். வீட்டுக்குள் அந்த வேலை பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. சேவை கிடைக்கும் இடத்துக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே இருந்த தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்த கதையாகவே தமிழ்நாட்டில் இச்சேவைகளின் வரலாற்றைப் படிக்கலாம். தூரம் இன்னும் முழுதாகக் குறைந்துவிடவில்லை.

விடுதிப் பள்ளிகளின் காலம்

தொடக்கம் பாளையங்கோட்டை. 1890களில் அங்கே மிஷனரிப் பெண்கள் இருவர் இரண்டு பள்ளிகளை உருவாக்கினார்கள்: பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையார், காது கேளாதோருக்குப் புளோரன்ஸ் ஸ்வெயின்சன். ஸ்வெயின்சன் பெயரிலேயே அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி 1926இல் வந்தது. எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொண்டு, தன் காலில் நிற்க வழி கிடைத்த பிள்ளைகள் இப்பள்ளிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வெளியே வந்தார்கள். அந்த நன்மை பெரிது. ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பினால்தான் படிப்பு. விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளை கையசைவில் பேசும். வீட்டில் யாருக்கும் அது புரியாது. குடும்பத்துக்கும் கற்றுத்தர வேண்டும் என்கிற எண்ணம் அந்தக் காலத்துச் சேவையில் இடம்பெறவில்லை.

வேலூர்

குடும்பத்துக்கும் கற்றுத்தரும் அந்த எண்ணம் வேரூன்றிய இடங்களில் வேலூர் முக்கியமானது. மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. அதே மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைக் கற்றுத் தேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1963இல் வேலூரில் அந்தத் துறை அவர் தலைமையில் உருவானது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தங்கிச் சிகிச்சை பெறும் வசதியோடு இந்தியாவில் எழுந்த முன்னோடி நிலையம் அதுதான். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நோயாளியோடு வீட்டாள் ஒருவரும் தங்க வேண்டும் என்பதை இந்த நிலையம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. மனைவியோ தம்பியோ அம்மாவோ, உடன் வந்தவர் அங்கே மாணவர். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலிலும் பிட்டத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது, சுத்தமான கையோடு சிறுநீர்க் குழாய் செருகி எடுப்பது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு முதுகு பிடிக்காமல் மாற்றுவது எல்லாம் பாடங்கள். தோல் சிவந்ததைக் கவனிக்காமல் விட்டால் படுக்கைப்புண். புண் முற்றினால் சீழ். தண்டுவடம் அடிபட்டவர்கள் ஊருக்குப் போன பிறகு உயிரிழந்ததற்குப் பெரும் காரணங்களில் ஒன்று இது. மருத்துவமனையில் பிழைத்த உயிரை வீட்டில் காப்பாற்றுவது அந்த வீட்டாளின் கைதான்.

பெற்றோர் எழுப்பியவை

அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பெருமூளை வாதம், ஆட்டிசம் ஆகியவற்றில் வழி திறந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தாம். தங்கள் பிள்ளைக்குப் பள்ளி கிடைக்காததால் பள்ளி தொடங்கினார்கள். 1972இல் மும்பையில் மிட்டு ஆலூர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கியது அவருடைய மகள் மாலினிக்காக. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் ஒரு நிறுவனம் தொடங்கியதும் அப்படித்தான். அவருடைய மகனுக்குப் பெருமூளை வாதம். அந்த நிறுவனமே பின்னாளில் வித்யா சாகர் ஆயிற்று. 1991இல் டெல்லியில் மெரி பருவா ஆட்டிசத்துக்கான அமைப்பைத் தொடங்கினார். 1995இல் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடிப் ‘பரிவார்’ என்ற தேசியக் கூட்டமைப்பாயின. சேவைக்காகக் காத்திருந்தவர்களே சேவையை உருவாக்க வேண்டி வந்ததை அவர்களின் பெருமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. மற்றவர்கள் செய்யாமல் விட்டதும் அதில் அடங்கியிருக்கிறது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் நடந்தது வேறு விதம். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதலில் ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகள். தசைச் சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் 1992இல் வந்து சேர்ந்தார். பள்ளியாகத் தொடங்கியது பிறகு கிராமங்களுக்குள் போனது. உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி எடுத்து, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று, தாய்க்குப் பயிற்சிகளைச் செய்துகாட்டுகிறார்கள். தலை நிற்காத குழந்தையைச் சுருட்டிய போர்வையின்மேல் குப்புறப் போட்டு எப்படி விளையாட்டு காட்டுவது என்பது, நூறு கிலோமீட்டர் பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவர வேண்டியதில்லாமல், வீட்டுத் தரையில் உட்கார்ந்து கற்கும் விஷயமானது. உலக சுகாதார நிறுவனம் வளர்த்தெடுத்த ‘சமூகம் சார்ந்த மறுவாழ்வு’ என்ற கருத்தின் தமிழ்நாட்டு வடிவங்களில் நான் மிக உயர்வாக மதிப்பது இதுதான்.

ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பி, குடும்பங்கள் அவர்களைத் தனியார் விடுதிகளில் விட்டுச் சென்றிருந்தன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அக்குடும்பங்களைக் கல்நெஞ்சர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சாரதா மேனன் சென்னையில் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் போன்ற நல்ல மனநல அமைப்புகள் இருந்தன. ஆனால் கிராமத்துக் குடும்பத்துக்கு எட்டும் தொலைவில் மருந்தும் இல்லை, வழிகாட்ட ஆளும் இல்லை. இரவெல்லாம் தூங்காத மகனோடு விழித்திருந்து களைத்துப்போன வீடு கடைசியாகத் தட்டிய கதவு அது.

சட்டமும் அட்டையும்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியையும் வேலை ஒதுக்கீட்டையும் முதன்முதலாக உரிமையாக்கியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் தொடர்ச்சியாக வந்த 2016 சட்டம், குறைபாட்டின் ஏழு வகைகளை 21 ஆக விரித்தது. அரசு வேலை ஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கியது. இடையே சொல்லும் மாறியது: ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது.

நடைமுறையில் எல்லாம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் தொடங்குகிறது. அதற்கான முகாமில் எலும்பு, கண், காது, மனநலம் என்று மருத்துவர்கள் தனித்தனி மேசையில் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நகரும் தாய்மாரை அங்கே காணலாம். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். மருத்துவர் எழுதும் அந்த ஓர் எண்ணில் உதவித்தொகை, ஒதுக்கீடு எல்லாம் அடங்கிவிடும்.

பார்த்துக்கொள்பவரையும் கணக்கில் சேர்க்கும் போக்கு தாமதமாகத்தான் வந்தது. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, மாற்றுத்திறனாளிகளோடு உடன் வருபவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் பல சிகிச்சைகளை ஒரே கூரைக்குள் தருகின்றன. போராட்டக் களத்தில் நிற்கும் மாநிலச் சங்கம் ஒன்று தன் பெயரிலேயே ‘மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர்’ என்று வைத்திருப்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

எனக்குப் பிறகு

பெற்றோர் கூட்டம் எதிலும் கடைசியில் வரும் கேள்வி, “எனக்குப் பிறகு யாரு?” என்பது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காகவே பிறந்தது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி பெற்றோரின் பாதுகாவலர் நிலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. மூன்று பேர் கொண்ட அக்குழுவில் ஆட்சியர் ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மூன்றாமவர் கட்டாயம் மாற்றுத்திறனாளி. பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த தாய், தன் மகனுக்குத் தானே பாதுகாவலர் என்று மனு எழுத நேர்வது மனத்தைச் சுடும். ஆனால் வங்கியிலும் சொத்து விஷயத்திலும் அந்த ஒரு தாள் இல்லாமல் எதுவும் நகராது.

வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவும் இதே கவலையோடு சேர்ந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காகக் காப்பீடு எடுத்தால் வரிச் சலுகை உண்டு. ஆனால் அந்தப் பணம் பெற்றோர் இறந்த பிறகே பிள்ளைக்கு வர வேண்டும் என்றிருந்தது. 2022 நிதிநிலை அறிக்கை அதைத் திருத்தி, பெற்றோருக்கு 60 வயதானதும் பணம் வரத் தொடங்கலாம் என்றாக்கியது.

வளர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் தங்கும் இல்லங்களுக்குத் தேசிய அறக்கட்டளையில் ‘கரோண்டா’ என்ற திட்டம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் சில இல்லங்களை நடத்துகின்றன. தேவைக்கு முன் அவை மிகக் குறைவு. எழுபது வயது அம்மா நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு, அவர் கைக்குப் பதிலாக இன்னொரு கையைத் தரும் ஏற்பாடு இந்த வரலாற்றில் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.