கையளவுக் கோழியின் வரலாறு



சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறம் நாலு கோழி வளர்ப்பது பழைய வழக்கம். அவை முட்டைக்கும் கறிக்கும் ஆனவை. அழகுக்காகவே வளர்க்கப்படும் ஒரு கோழியின் வரலாற்றை இன்று காண்போம்.

சிறு கோழிகளை ஆங்கிலத்தில் பேண்டம் என்பர். ஜாவாத் தீவின் பந்தன் துறைமுகத்தில் ஐரோப்பிய மாலுமிகள் இத்தகைய கோழிகளை வாங்கியதால் வந்த பெயர் அது. மலாய்க்காரர்கள் இவற்றை ஆயாம் காத்திக் என்பார்கள். இவ்வகையில் உலகிலேயே மிகச் சிறியதாகக் கருதப்படும் செராமா, நமது மலேசியாவில், கிளந்தானில் உருவானது. வளர்ந்த சேவலே அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி, வாலை உயர்த்தி, இறக்கையை நேராகத் தொங்கவிட்டு, படைவீரனைப்போல் நிற்கும்.

கிளந்தானைச் சேர்ந்த வீ யான் ஈன் என்பவர், சிறு கோழி வகைகளைக் கலந்து இதனை உருவாக்கினார் என்பர். தோற்பாவைக் கூத்தில் வரும் ஸ்ரீராமரின் பெயரே செராமா ஆயிற்று என்றும் சொல்வதுண்டு. 1990இல் பெர்லிஸில் இதற்கென முதல் போட்டி நடந்தது.

இந்த அழகு தானாக நிலைப்பதன்று. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளிலும் சிறியதும் பெரியதும் கலந்தே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவேண்டும். சிறியதாக வேண்டுமென்று உடன்பிறந்தவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால், கூமுட்டை பெருகும், குஞ்சுகள் நலியும்.

2004 ஆகஸ்டில் பெருஞ்சோதனை வந்தது. கிளந்தானின் தும்பாட் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டது. நோய் பரவாதிருக்க, சுற்றுப்புறக் கோழிகள் அழிக்கப்பட்டன, செராமாக்களும் தப்பவில்லை. பல்லாண்டு பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சங்கள் சில நாட்களில் போயின. 2006இல் பினாங்கு மாநிலத்திலும் அந்நோய் தலைகாட்டியது.

ஆயினும் இனம் அழியவில்லை. ஏன்? அது ஓரிடத்தில் மட்டும் இல்லை. வேறு மாநிலங்களில் பலர் வளர்த்துவந்தனர். 2001இலேயே சில பறவைகள் அமெரிக்காவுக்கும் போயிருந்தன. அங்குள்ள கோழி வளர்ப்போர் சங்கம் 2011இல் வெள்ளைச் செராமாவைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, நல்ல வம்சத்தை ஒரே கூண்டில் பூட்டிக் காக்கமுடியாது. ஒரு சோடியை உறவினரிடமோ அடுத்த தோட்டத்து நண்பரிடமோ கொடுத்துவையுங்கள். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எந்தக் குஞ்சு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். வெளியிலிருந்து வரும் கோழியைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேருங்கள். பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை அதிகாரிக்குச் சொல்லுங்கள். பலர் கையில் இருக்கும் விதையே பஞ்சத்தையும் தாண்டி முளைக்கும். கோழிக்கும் அது பொருந்தும்.