பங்குதாரர் பத்திரத்தில் ஏறிய குடும்பம்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் நீளும் ஊர்களில் டேனரிகள் எனும் தோல் பதனிடும் ஆலைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு வம்ச வரலாறு போலத் தோன்றும். தகப்பனின் இனிஷியல், அவர் பெயர், அதன் பின்னே ‘அண்டு கம்பெனி’ அல்லது ‘அண்டு சன்ஸ்’. இதைப் பார்த்துத்தான் தோல் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தானே இறங்கிவந்த குடும்பத் தொழில் என்று சொல்லிவிடுகிறோம். என் வாதம் வேறு. இந்த ஊர்களில் குடும்பம் தானே இறங்கி வரவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் காகிதத்தில் எழுதித்தான் காப்பாற்றியது. அந்தக் காகிதத்தில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்பதே இந்தத் தொழிலின் வரலாற்றில் பாதி.

செட்டிநாட்டு லேவாதேவிக்கும் மார்வாரி மண்டிக்கும் இந்துக் கூட்டுக்குடும்பம் என்ற சட்ட ஏற்பாடு துணையிருந்தது. தோல் முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இஸ்லாமிய வாரிசு முறையில் பிறப்பாலே வரும் கூட்டுச்சொத்து என்று ஒன்று கிடையாது. தகப்பன் கண்ணை மூடியதும் மனைவிக்கும் மக்களுக்கும் அளந்த தனித்தனிப் பங்கு விழும். மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. நியாயமான கணக்குதான். ஆனால் டேனரியின் முதல் அப்படிப் பிரிவதைத் தாங்காது. பச்சைத்தோலுக்குப் போட்ட பணம் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் ஊறிக்கிடந்து, சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய பிறகே கைக்குத் திரும்பிவரும். நடுவில் பங்கு பிரித்தால் தொட்டி வறண்டுவிடும். 1932ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டமும் இளக்கம் காட்டவில்லை. வேறுவிதமாக எழுதிவைக்காவிட்டால், பங்குதாரர் ஒருவர் இறந்ததுமே கூட்டு கலைந்துபோகும். ஆகவே அண்ணன் தம்பிகள் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் பத்திரம் எழுதியாக வேண்டும். இரத்த உறவு போதவில்லை, முத்திரைத்தாளும் வேண்டியிருந்தது.

இதெல்லாம் குடும்பத்தின் கதையல்ல, சாதியின், சமூகத்தின் கதை என்று மறுக்கலாம். தோலைத் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுக்கியதால்தான் முஸ்லிம் வணிகர்களுக்கு இந்த வழி அகலமாகத் திறந்தது என்பது உண்மை. தொட்டிக்குள் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பது அதைவிடக் கசப்பான உண்மை. சமூகம் என்ற பிணைப்பும் வலுவானதுதான். 1919இல் வாணியம்பாடியில் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியையும், தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரியையும் பார்த்தால் அது விளங்கும். ஆனால் சாதியும் சமூகமும் யார் உள்ளே வந்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, வந்தவர்கள் மூன்று நான்கு தலைமுறை எப்படி நிலைத்தார்கள் என்பதைச் சொல்லாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தோல் ஏற்றுமதி பற்றி ஆராய அரசு அமைத்த சீதாராமையா குழு 1972இல் தந்த பரிந்துரைகளை ஒட்டிப் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பாதி பதனிட்ட தோலுக்கு அளவு வைக்கப்பட்டது. முழுதாய் முடித்த தோலும், பிறகு ஷூவும்தான் தடையின்றி வெளிநாடு போக முடிந்தது. எந்திரமும் வங்கிக் கடனும் ஐரோப்பிய ஆர்டரும் வந்த பிறகு குடும்பத்துக்கு என்ன வேலை? வேலை கூடியது என்பதே என் பதில். ஒரே கூரைக்குள் இருந்த தொழில் டேனரி, ஷூவின் மேற்பகுதியான அப்பர் தயாரிப்பு, ஷூ, ஏற்றுமதி என்று கிளைத்தபோது, நம்பி ஒப்படைக்க மகனும் மருமகனும் தேவைப்பட்டார்கள்.

ஷூ வந்ததும் இன்னொரு குடும்பமும் தொழிலுக்குள் இழுக்கப்பட்டது. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். வாசலுக்கே வராமல் வீட்டுத் திண்ணையில் அப்பர் தைத்தவர்களும் உண்டு. தோல் துண்டுகளை ஏஜென்ட் கட்டாகக் கொண்டுவந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்த மகள் ஒரு ஓரம் தைத்துக்கொடுத்தால் அதுவும் தாயின் கணக்கிலேயே சேரும். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயரே இல்லை. பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாமே, பெண்களுக்கு இது வசதிதானே என்பார்கள். வசதிதான், பல வீடுகளில் கையில் காசு புரள்வது அதனால்தான். ஆனால் வெளிச்சம் அவள் வீட்டு மின்கட்டணம், இடம் அவள் திண்ணை, கண்ணும் முதுகும் அவளுடையவை. வசதி என்ற சொல்லால் இத்தனை செலவும் கூலியில் சேராமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாளி வீட்டில் உறவைப் பங்காக மாற்றிக்கொடுத்த காகிதம் இந்தத் திண்ணைக்கு வரவே இல்லை.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதே பாலாறு சாட்சி. டேனரிக் கழிவால் ஆறும் நிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது அதில் பதிவானது. பாதிக்கப்பட்ட தனிமனிதர்களையும் குடும்பங்களையும் அடையாளம் கண்டு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அமைப்பு வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அதற்குமுன் உப்பேறிய கிணற்றடியில் புலம்பிக்கொண்டிருந்த உழவர் குடும்பம், எழுத்தில் ஏறியதும் உரிமை கேட்கும் தரப்பானது. இழப்பீடு எல்லாரையும் எட்டவில்லை, ஆறும் தெளியவில்லை. என்றாலும் கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்தது. அதே 1996இன் ஜூன் மாதம், வீட்டிலிருந்து வேலை செய்பவரும் மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்தப்பட வேண்டும் என்ற 177ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.