நாஞ்சில் நாட்டுக் குளங்களும் நிழற்படச் சான்றும்

தமிழ் இலக்கண நூலார் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர். நிலத்தைப் பொழுதினின்றும் பிரித்துக் காண்பது அவர்தம் கருத்தன்று. வயலும் பொய்கையும் சார்ந்த மருதத்திற்குப் பெரும்பொழுது ஆறும் உரியன என்பது நாற்கவிராச நம்பி முதலியோர் கொள்கை. நெய்தல் ஒழிந்த பிற நிலங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரையான பொழுதுகளே சிறப்பாக அமைய, மருதம் ஆண்டு முழுவதையும் தனதாக்கிக் கொண்டது. நீர் நிறைதலும் வடிதலும், நடுதலும் அறுத்தலும் ஓயாது மாறி வரும் நிலமாதலின் அஃது இயல்பே ஆகும்.

நிழற்படமும் ஓரிடத்தை ஒரு நேரத்தோடு சேர்த்துப் பதிவு செய்வது. ஆயினும் வரலாற்று ஆசிரியர் பழைய படமொன்றைக் கையில் எடுக்குங்கால், இஃது எவ்விடம் என்றே முதலில் வினவுகின்றனர். எப்பொழுது என்று வினவுவோர் சிலரே. ஆண்டினை அறிந்த அளவில் அமைந்துவிடுவோர் பலர். குளத்தைப் பொறுத்தவரை ஆண்டு மட்டும் போதாது, திங்களும் வேண்டும் என்பதை நாஞ்சில் நாட்டுக் குளங்களைக் கொண்டு காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

1. நாஞ்சில் நாட்டின் பொழுது

நாகர்கோயிலின் வடபகுதியாகிய வடசேரி, கனகமூலம் சந்தையாலும் கோயில் அணிகலன் செய்யும் கைவினைஞராலும் பெயர் பெற்ற ஊர். அதனையடுத்த ஒழுகினசேரியில் பழையாறு ஓடுகிறது. அவ்வாற்றின் போக்கிலே தென்கிழக்காகச் செல்வோர் வயல்களையும் குளங்களையும் மாறிமாறிக் காண்பர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த தேரூரின் குளமும், சுசீந்திரம் குளமும் இவ்வழியில் உள்ளன. ஆறு மணக்குடியிற் கடலோடு கலக்கிறது.

இந்நாட்டின் நெற்பூ இரண்டு. ஒன்று கன்னிப்பூ, மற்றொன்று கும்பப்பூ. கொல்லம் ஆண்டு முறையில் கன்னி எனப்படும் புரட்டாசியில் அறுவடையாவது முன்னது; கும்பம் எனப்படும் மாசியில் அறுவடையாவது பின்னது. பயிரின் பெயரே அறுவடைத் திங்களின் பெயராக நிற்றல் காண்க. நிலத்தைப் பொழுதோடு சேர்த்து வழங்கிய மரபு இலக்கண நூலில் மட்டுமன்றி உழவர் வாய்மொழியிலும் நிலைத்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஈண்டு ஓர் அருமை உண்டு. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது நூல் வழக்கு. தமிழ்நாட்டின் கீழைப் பகுதிகளில் அத்திங்கள்களில் குளங்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும். நாஞ்சில் நாட்டிலோ தென்மேற்குப் பருவக்காற்று மலையை மோதி மழை பெய்விப்பது அத்திங்கள்களிலேதான். பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே இந்நாட்டுக் குளம் ஆண்டில் இருமுறை நிறையும் இயல்பினது. நிறைகுளத்தின் படத்தைக் கண்டவுடன் இது கூதிர்க்காலத்தது என்று பிற பகுதி ஆராய்ச்சியாளர் கொள்வாராயின் பிழைபட நேரும். அஃது ஆடித் திங்களில் எடுத்ததாகவும் இருத்தல் கூடும்.

இவ்வொழுங்கும் என்றும் ஒரு தன்மையாய் இருந்ததன்று. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பெற்றது. இந்திய விடுதலைக்குப் பின் பெருஞ்சாணி அணையும் எழுந்தது. மலையிற் பெய்த நீர் தேங்கி நின்று கால்வாய் வழியே குறித்த காலத்திற் குளங்களை அடையும் நிலை ஏற்பட்டது. ஆதலின் 1906க்கு முற்பட்ட படத்தையும் பிற்பட்ட படத்தையும் திங்கள் ஒன்றே எனக் கருதி நேருக்கு நேர் ஒப்பிடுதலும் பொருந்தாது.

2. தொடக்கக் காலப் படங்கள்

நிழற்படக் கலை 1839இல் பிரான்சு நாட்டில் உலகறிய வெளியிடப்பட்டது. சென்னையில் 1850இல் கலைப்பள்ளி நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் அக்கலையைப் பரப்புவதில் முன்னின்றார். சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலரை நிழற்படக்காரராக அமர்த்தியது. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைத் தெப்பக்குளமும் அவற்றுள் ஒன்று. நாஞ்சில் நாடு அக்காலத்துத் திருவாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தமையின் அவர் பயணத்துள் அடங்கவில்லை. ஆயினும் தமிழகத்து நீர்நிலைகளின் முதற்படங்கள் எவ்வாறு அமைந்தன என்பதற்கு அவர் பணியே தக்க சான்றாகும்.

அவர் பயணம் 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1858 கோடையில் முடிந்தது. அதாவது முன்பனியும் பின்பனியும் இளவேனிலின் தொடக்கமுமே அவர் கண்டவை. பெருங்கருவியையும் தாளையும் மருந்துகளையும் சுமந்து சென்றோர்க்கு மழைக்காலம் ஏற்றதன்று. சாலையும் சேறாகும், ஈரத்தால் தாளும் கெடும். எனவே படக்காரர் உலர்ந்த திங்கள்களை நாடியதில் வியப்பில்லை. உதகமண்டலத்தில் 1875 முதல் தொழில் நடத்திய பென் என்பவர் அவ்வூர் ஏரியையும் மலைகளையும் பல படங்களாக எடுத்தார். அவ்வேரி சல்லிவன் 1823இல் தொடங்கி அமைத்தது. சென்னை அரசு கோடையில் அங்குத் தங்கியமையின், படம் வாங்குவோர் மிகுந்திருந்ததும் அப்பருவமே எனக் கருதலாம். மலையாயினும் சமநிலமாயினும் படத்தின் பொழுதை வகுத்தது குளத்தின் இயல்பன்று, படக்காரரின் வசதியே.

திருவாங்கூரில் 1900ஆம் ஆண்டையொட்டி அரசின் நிழற்படக்காரராக விளங்கியவர் சக்கரியா டி குரூஸ். அவர் படங்கள் இந்தியத் தலைமை ஆளுநராயிருந்த கர்சன் பிரபுவின் தொகுப்பிற் சேர்ந்து, பிரித்தானிய நூலகத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுவோர் தேடிக் காணத்தக்க தொகுப்பு அது. பேச்சிப்பாறை அணைக்கு முற்பட்ட நீர்நிலைகளின் நிலையை உணர்த்தும் படங்கள் மிகச் சிலவே ஆதலின், அதன் மதிப்புப் பெரிது.

3. படத்தில் பொழுதறியும் முறை

படத்தின் பொழுதை வானைக் கொண்டு அறியலாமெனச் சிலர் கருதுவர். அது தக்கதன்று. தொடக்கக் காலத் தாளும் கண்ணாடித் தகடும் நீல ஒளிக்கே மிகுதியும் இணங்கின. எனவே மேகம் இருந்தும் வானம் வெறும் வெண்மையாய்ப் பதிந்தது. அக்குறையை நீக்கச் சிலர் வேறு தகட்டிலிருந்து மேகத்தைச் சேர்த்து அச்சிட்டனர். டிரைப் தாம் 1855இல் பருமாவில் எடுத்த படங்களின் எதிர்ப்படிவங்களிலே மேகத்தைத் தூரிகையால் தீட்டினார். ஆகவே பழைய படத்தில் மேகமின்மை கோடையைக் காட்டாது. மேகமுண்மை காரையும் காட்டாது.

நம்பத்தகுவன மூன்று. முதலாவது நீர்மட்டம். படித்துறையிலும் மடைக்கல்லிலும் ஈரம் எம்மட்டும் ஏறியுள்ளது என்பதை உற்றுநோக்குக. இரண்டாவது பயிர். கரைக்கு அப்பாலுள்ள வயல் நாற்றாக உள்ளதா, கதிராக உள்ளதா, அரிதாளாக உள்ளதா என்பதைக் கொண்டு கன்னிப்பூ, கும்பப்பூ ஆகியவற்றின் திங்களைக் கணிக்கலாம். மூன்றாவது நிழல். நாஞ்சில் நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. பங்குனி இறுதி முதல் ஆவணி நடு வரை நண்பகற் கதிரவன் இதற்கு வடபால் நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஏனைத் திங்கள்களில் வடக்கே விழும். கரையின் திசை தெரிந்ததாயின், உச்சிப்பொழுதையொட்டி எடுத்த படத்தில் மரநிழலே ஆண்டின் எப்பகுதி எனக் காட்டிவிடும். முன்னைய இரண்டினாலும் ஐயம் தீராவிடத்து, ஆடி நிறைவையும் கார்த்திகை நிறைவையும் பிரித்தறிய இது பெரிதும் உதவும்.

4. இவ்வாராய்ச்சியால் வரும் பயன்

இது படம் சேர்ப்போர்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. குளத்தின் எல்லை யாது என்னும் வழக்கு இதனோடு பிணைந்துள்ளது. வேனிலில் நீர் சுருங்கிய குளத்தின் உள்வாய் மாடு மேயும் தரிசாகத் தோன்றும். அத்தோற்றத்தை ஒருவர் படமாக எடுத்து, இவ்விடம் என்றும் குளமன்று என வாதித்தல் எளிது. அதே இடத்தின் நிறைநீர்ப் படம் கிடைத்தாலன்றி அவ்வாதத்தை மறுத்தல் அரிது. நாகர்கோயில் நகரிலே செட்டிகுளம் என்பது இன்று ஒரு சந்திப்பின் பெயராக வழங்குகிறது. பெயர் நின்று குளம் நினைவினின்றும் நீங்கும் நிலை பிற ஊர்களிலும் நேர்வதே. நிறைகுளத்தின் படம் இல்லாதவிடத்துப் பெயரொன்றே சான்றாக எஞ்சும். பெயர் எல்லையைக் காட்டாது.

சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதியும் வேம்பனூர் நீர்நிலைத் தொகுதியும் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. முன்னதன் பரப்பு ஏறத்தாழ 94 எக்டேர். பின்னதன் பரப்பு ஏறத்தாழ 20 எக்டேர். வலசை வரும் பறவைகளை நாடிப் படக்காரர் பலர் இப்போது இக்கரைகளுக்கு வருகின்றனர். அவர் வருகை பெரும்பாலும் பனிக்காலத்தது. பழம் படக்காரர் உலர்ந்த திங்களை நாடியது போல, இவர் பறவை நிறைந்த திங்களை நாடுகின்றனர். காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே: ஒரு பொழுதின் குளமே சேமிப்பில் நிறைகிறது. 1972 முதல் செயற்கைக்கோள் எடுத்துவரும் படங்கள் இக்குறையை ஓரளவு போக்கும். ஆயினும் மடையும் படித்துறையும் வானிலிருந்து தெளிவாகத் தெரியா.

முடிவுரை

மருதத்திற்கு ஆறு பொழுதும் உரியவென்று வகுத்த மரபினர் நாம். நம்மிடம் உள்ள மருதநிலப் படங்களோ ஓரிரு பொழுதையே காட்டுவன. வீடுகளிலும் பழைய நிழற்பட நிலையங்களிலும் கிடக்கும் படங்களைத் திரட்டும் முதுகலை மாணவர், ஒவ்வொன்றின் பின்னும் இடத்தோடு திங்களையும், திங்களை எவ்வாறு அறிந்தனர் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். புதிதாகப் படமெடுப்போர் ஒரே இடத்தில் நின்று, ஒரே மடையை நோக்கி, ஆறு பொழுதிலும் எடுத்து வைப்பாராயின், ஒரு குளத்திற்கு ஆண்டொன்றுக்கு ஆறு படங்கள் கிடைக்கும். செலவு சிறிது. தேரூர்க் குளத்திற்கேனும் இத்தகைய தொகுதியொன்றை அமைத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி என்பது எம் துணிபு.